இயேசு கடவுளா, மனிதரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் திடப்படுத்தல் ஆராதனைக்கு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் சடங்குக்கு) முன்பு பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்பைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பிள்ளைகளும், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோரும், பிற சமயத்து நண்பர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றிவருகின்றன: நாசரேத்தூர்த் தச்சர் ஒருவரை எப்படிக் கடவுள் என்கிறீர்கள்? கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தருகிறேன். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் படிப்பவர் விருப்பம். மறுப்பவரும் எதை மறுக்கிறோம் என்று தெரிந்து மறுப்பது நல்லது. வேதவசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி உள்ளன.

ஒரு சமயம் கடவுள் என்கிறீர்கள், ஒரு சமயம் கடவுளின் மகன் என்கிறீர்கள். இரண்டில் எது?

இரண்டும்தான். கடவுள் ஒருவரே என்பதில் கிறிஸ்தவர்களுக்கு ஐயமில்லை. அந்த ஒரே கடவுளின் வாழ்வுக்குள்ளேயே தந்தை, மகன், தூய ஆவி என மூவர் உள்ளனர் என்றும், மூவரும் ஒருவரையொருவர் அறிந்து அன்புசெய்யும் ஆட்கள் என்றும் கிறிஸ்தவம் கற்பிக்கிறது. அவர்களுள் மகன் மட்டுமே மனிதரானார். யோவான் நற்செய்தி அவரை "வார்த்தை" என்று குறிப்பிட்டு, "அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று தொடங்குகிறது. "தேவனிடத்தில்" என்ற சொல் தந்தையிலிருந்து அவரை வேறுபடுத்திக் காட்டுகிறது; "தேவனாயிருந்தது" என்ற சொல் தந்தைக்கு அவர் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர் என்கிறது. பின்வரும் விடைகள் பலவற்றுக்கு இந்த ஒரு வசனமே அடிப்படை.

மகன் என்றால் கடவுளுக்கு மனைவி இருந்தாளா?

முஸ்லிம் நண்பர்கள் அக்கறையோடு கேட்கும் கேள்வி இது. குர்ஆன் ஈசா நபியைக் கன்னி மரியமின் மகன் என்றும் மஸீஹ் (மெசியா) என்றும் போற்றுகிறது. அல்லாஹ்வுக்கு மகன் உண்டு என்பதை மட்டும் உறுதியாக மறுக்கிறது. உடல் வழியாகக் கடவுளுக்கு மகன் பிறந்தான் என்று யாராவது சொன்னால் கிறிஸ்தவர்களும் அதை மறுக்கவே செய்வார்கள். இங்கே "மகன்" என்பது காலத்தில் நிகழ்ந்த ஒரு பிறப்பைக் குறிக்கவில்லை. விளக்கு எரியத் தொடங்கும் நொடியிலேயே வெளிச்சமும் இருப்பதுபோல, தந்தை இருக்கும் போதெல்லாம் மகனும் இருக்கிறார் என்பதே பொருள். ஆராதனையில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் வரும் "ஜோதியில் ஜோதியானவர்" என்ற தொடர் இதைத்தான் சொல்கிறது.

"வார்த்தை மாம்சமாகி" என்றால் கடவுள் மனிதனாக மாறிவிட்டாரா? பால் தயிரான மாதிரியா?

இல்லை. தயிரான பிறகு பால் மிஞ்சுவதில்லை. மனிதரானபோது மகன் கடவுளாக இருப்பதை விட்டுவிடவில்லை. தமக்கு இல்லாதிருந்த மனித இயல்பை ஏற்றுக்கொண்டார். ஆகவே "மாறினார்" என்பதைவிட "ஏற்றார்" என்பதே பொருத்தமான வினைச்சொல்.

"மாம்சம்" என்ற சொல்லையும் உடல் என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா ஆயர் அப்பொல்லினாரியு, இயேசுவுக்கு மனித உடல் இருந்தது என்றும், மனித அறிவு இருந்த இடத்தில் தெய்வீக வார்த்தையே இருந்தது என்றும் கற்பித்தார். கேட்பதற்கு எளிய விளக்கம்தான். ஆனால் மனித மனம் இல்லாத மனிதர் எப்படி முழு மனிதராவார்? நசியான்சு ஊரைச் சேர்ந்த கிரகோரியார், கிறிஸ்து எதை ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை என்று விடை சொன்னார். பாவத்தில் முதலில் விழுவது மனிதனின் மனம் என்றால், முதலில் ஏற்கப்பட வேண்டியதும் அதுவே. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் அப்பொல்லினாரியுவின் போதனையைத் தள்ளியது.

அப்போ பாதி கடவுள், பாதி மனிதன், சரியா?

சரியில்லை. என் அனுபவத்தில், இயேசுவைப் பற்றிய குழப்பங்களில் முக்கால்வாசி இந்தப் "பாதி" என்ற சொல்லிலிருந்தே முளைக்கின்றன. 451இல் கால்செதோனில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லின் கடிகோய் பகுதியில், ஆயர்கள் கூடி வகுத்த வரையறையின்படி கிறிஸ்து ஒரே ஆள். அவரில் தெய்வ இயல்பும் முழுமையாக உண்டு, மனித இயல்பும் முழுமையாக உண்டு. அவ்விரண்டும் கலவாமலும் மாறாமலும் பிரியாமலும் பிளவுபடாமலும் இருக்கின்றன. நான்கு சொற்களும் எதிர்மறைச் சொற்களாய் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று அந்த ஆயர்கள் விளக்கவில்லை. எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று வேலி மட்டும் கட்டினார்கள். இவ்வளவு அடக்கத்தோடு எழுதப்பட்டதால்தான் அந்த வரையறை இன்றுவரை நிற்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஓர் உவமை கேட்பவர்களுக்குத் திருச்சபைப் பிதாக்கள் (முற்காலத் திருச்சபை ஆசிரியர்கள்) சொன்ன பழுக்கக் காய்ச்சிய இரும்பையே நானும் சொல்வேன். கொல்லர் உலையிலிருந்து எடுக்கும் இரும்பு செக்கச்செவேலென்று நெருப்பாகவே தெரியும்; தொட்டால் சுடும், அடித்தால் வளையும். சுடுவது நெருப்பின் இயல்பு, வளைவது இரும்பின் இயல்பு, குறட்டில் பிடித்திருப்பதோ ஒரே பொருள். இந்த உவமைக்கும் எல்லை உண்டு: இரும்பு ஆறினால் நெருப்பு போய்விடும். கிறிஸ்துவில் அந்த இணைப்பு ஒருபோதும் அவிழ்வதில்லை.

இது அவதாரம்தானே? ராமர், கிருஷ்ணர் மாதிரி இவரும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாமே?

தமிழ்க் கிறிஸ்தவர்களே "மனிதாவதாரம்" என்ற சொல்லைப் புழங்குவதால் இக்கேள்வி இயல்பாக எழுகிறது. சென்னையில் தொழிற்சங்கத் தலைவராகவும் பின்னர் மேயராகவும் இருந்த சக்கரைச் செட்டியார் 1920களில் இயேசுவை அவதாரம் என்றே அழைத்து இறையியல் எழுதினார். அச்சொல்லைக் கையாண்டபோதே அவர் ஒரு வேறுபாட்டையும் வற்புறுத்தினார்: மற்ற அவதாரங்கள் காரியம் முடிந்ததும் முடிந்துவிடுகின்றன, இயேசுவின் மனிதத்தன்மை முடிவதில்லை.

வேறுபாடு இன்னும் ஆழமானது. கீதையில் கண்ணன் யுகந்தோறும் வருவதாகச் சொல்கிறார். கிறிஸ்தவ நம்பிக்கையில் இது ஒரே முறை நிகழ்ந்தது. வைணவ ஆசாரியர்கள் அவதாரத்தைப் பொய்த்தோற்றம் என்று சொல்வதில்லை, மெய் என்றே கொள்கிறார்கள். ஆனால் அந்தத் திருமேனி நம் உடல்போல் பிரகிருதியால், அதாவது இயற்கைப் பொருளால், ஆனதன்று, சுத்த சத்துவம் என்னும் மாசற்ற தெய்வீகப் பொருளால் ஆனது என்பது இராமானுசர் மரபு. கிறிஸ்தவமோ இயேசுவின் உடல் நம் உடலைப் போன்ற அதே தசையும் குருதியும்தான் என்று பிடிவாதமாகச் சொல்கிறது. அவர் சிக்கார் ஊர்க் கிணற்றடியில் களைத்து உட்கார்ந்தார். புயலடித்த படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார். லாசருவின் கல்லறை அருகே கண்ணீர் விட்டார். சைவர்களுக்கு இச்செய்தி வேறொரு வகையில் இடறும். சிவனைப் "பிறவா யாக்கைப் பெரியோன்" என்கிறது சிலப்பதிகாரம். கருவில் பிறப்பது இறைவனுக்கு இழுக்கு என்று கருதும் மரபிடம், கருவில் பிறந்தது இழுக்கு அன்று, அன்பு என்று கிறிஸ்தவம் சொல்கிறது. இந்த இடத்தில் இரு சமயங்களும் உண்மையிலேயே வேறுபடுகின்றன. சமரசம் செய்வதாக எண்ணி அந்த வேறுபாட்டை மழுப்புவது இரண்டுக்கும் மரியாதை ஆகாது.

"நான் கடவுள்" என்று இயேசுவே எங்கே சொல்லியிருக்கிறார்? வசனம் காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த வாக்கியம் அப்படியே எங்கும் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளாமல் வாதாடுவது வீண். ஒரு கடவுளையன்றி வேறொருவரை அறியாத யூதர்களிடையே ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால், வானத்திலுள்ள தந்தை தாமே என்று அவர் சொல்வதாகத்தான் கேட்டவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். அப்படிப் புரிந்துகொள்வது முதல் விடையில் கண்டதற்கு நேர் எதிரானது.

நற்செய்திகள் காட்டுவது வேறு விதம். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் இயேசு, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர்கள் (யூத வேத அறிஞர்கள்) "தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்" என்று மனத்துக்குள் முணுமுணுக்கிறார்கள். அவர்களுடைய தருக்கம் சரியானது. என் நண்பனை யாரோ ஒருவர் அடித்துவிட்டால், அடித்தவரை மன்னிக்க எனக்கு என்ன உரிமை? எல்லாப் பாவமும் எவருக்கு எதிராகச் செய்யப்படுகிறதோ அவர்தான் எல்லாப் பாவத்தையும் மன்னிக்க முடியும். இயேசு அந்தத் தருக்கத்தை மறுக்கவில்லை; தமக்கு அதிகாரம் உண்டு என்று காட்ட அந்த மனிதனை எழுந்து நடக்கச் செய்கிறார்.

யோவான் 8:58இல் "ஆபிரகாம் உண்டாகிறதற்குமுன்னமே நான் இருக்கிறேன்" என்கிறார். தமிழ் இலக்கண ஆசிரியர் எவரும் "இருந்தேன்" என்று திருத்தச் சொல்லும் வாக்கியம் அது. மோசேக்கு எரியும் முட்செடியில் கேட்ட "இருக்கிறவராக இருக்கிறேன்" என்ற பெயரை அந்த நிகழ்காலம் எதிரொலிக்கிறது. கேட்டவர்களும் உடனே கல்லை எடுத்தார்கள். இன்னொரு நாள் கல்லெறிய வந்தவர்கள் காரணத்தையும் சொன்னார்கள்: "நீ மனுஷனாயிருக்க, உன்னைத் தேவன் என்று சொல்லி". அவர் என்ன சொல்கிறார் என்பதை அவருடைய எதிரிகள் புரிந்துகொண்டார்கள்.

325இல் நிசேயாவில் கூடிய ஆயர் சங்கத்தில் ஓட்டுப் போட்டுத்தானே அவரைக் கடவுளாக்கினார்கள்? ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் செய்த வேலை என்று படித்தேனே.

இக்கேள்வி இப்போது அதிகம் வருகிறது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். சிலுவைக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்து இயேசு தேவனுடைய ரூபமாயிருந்தும் "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" வந்தார் என்று எழுதுகிறார். வெளியாரின் சாட்சியும் உண்டு. 112ஆம் ஆண்டளவில் பித்தினியாவை ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு அனுப்பிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாடுகிறார்கள் என்று எழுதினார். நிசேயா அதே பித்தினியா மாகாணத்து ஊர். அங்கே சங்கம் கூடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மாகாணத்து மக்கள் அவரைத் தெய்வமாக வழிபட்டார்கள்.

அப்படியானால் நிசேயாவில் எதைப் பற்றி விவாதித்தார்கள்? அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், இயேசு வெறும் மனிதர் என்று ஒருபோதும் சொல்லவில்லை. உலகம் உண்டாகுமுன்பே இருந்தவர், அவர் வழியாகவே எல்லாம் படைக்கப்பட்டன, ஆனாலும் அவரும் ஒரு படைப்பே, அவர் இல்லாத ஒரு பொழுது இருந்தது என்பதே ஆரியுஸின் போதனை. மகன் தந்தையோடு "ஒரே பொருளானவர்" என்று சங்கம் விடை சொன்னது. பின்னர் சிலர் சமாதானமாக "ஒத்த பொருளானவர்" என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கிரேக்கத்தில் இரு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு, தமிழிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே பொருள் என்றால் அவர் கடவுள். ஒத்த பொருள் என்றால் கடவுளைப் போன்ற ஒருவர். கத்தோலிக்கத் தமிழில் இத்தொடர் "ஒரே பொருளானவர்" என்றும், எங்கள் ஆராதனைப் புத்தகத்தில் "ஒரே தன்மையுடையவர்" என்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால் முன்னதே கிரேக்கத்துக்கு நெருக்கம். தன்மை ஒன்றாயிருக்கும் பொருள்கள் இரண்டாகவும் இருக்கலாம் அல்லவா?

கூடியவர்கள் 318 பேர் என்பது மரபு. இறுதியில் கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இருவர். கான்ஸ்டன்டைன்தான் சங்கத்தைக் கூட்டினார் என்பது உண்மை. ஆனால் 337இல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸின் பக்கம் சாய்ந்திருந்த நிக்கொமேதியா ஆயர் எவுசேபியு. கான்ஸ்டன்டைனுக்குப் பின் ஆண்ட அவர் மகன் கான்ஸ்டான்டியு நிசேயாவுக்கு எதிரான தரப்பை ஆதரித்தார். நிசேயாவின் முடிவைக் காத்து நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அரண்மனை விருப்பம்தான் வென்றது என்றால், ஆரியுஸின் கொள்கை அல்லவா நிலைத்திருக்க வேண்டும்?

"என் பிதா என்னிலும் பெரியவர்" என்கிறார். கடைசி நாள் குமாரனுக்குக்கூடத் தெரியாது என்கிறார். கடவுளுக்குத் தெரியாதது உண்டா?

ஆரியுஸின் தரப்பார் முன்வைத்த வசனங்களும் இவையே. இவை எளிய வசனங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பான்மைத் திருச்சபை தந்த விடை நான்காம் கேள்வியைச் சார்ந்தது: ஒரே ஆளுக்கு இரு இயல்புகள் இருப்பதால், மனித இயல்புக்கு உரியதை அவர் மனிதராகவே பேசுகிறார், மனிதராகவே அனுபவிக்கிறார். லூக்கா அவர் ஞானத்திலும் வளர்த்தியிலும் அதிகமாக விருத்தியடைந்தார் என்று எழுதுகிறார். எல்லாம் தெரிந்த குழந்தை ஒன்று தெரியாததுபோல் நடித்தது என்று லூக்கா சொல்லவில்லை. எழுத்துகளைக் கற்றுத்தான் அவர் எழுத்தறிந்தார்.

கடைசி நாளைப் பற்றிய வசனத்தில் அத்தனாசியு, மனிதராக அறியார், வார்த்தையாக அறிவார் என்று பிரித்தார். பவுலின் "வெறுமையாக்கி" என்ற சொல்லைக் கொண்டு, அந்த அறிவை அவர் தாமே முன்வந்து பயன்படுத்தாமல் இருந்தார் என்போரும் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கம் மனத்துக்கு நெருக்கம், முதலாவதுதான் பழமையானது. எப்படியானாலும், இயேசுவைக் கடவுளாகக் காட்ட வேண்டும் என்பதற்காகப் புனையப்பட்ட நூலாக இருந்தால், இந்த வசனத்தை மாற்கு எழுதாமலே விட்டிருப்பார்.

அவரே கடவுள் என்றால் சிலுவைக்கு முந்தைய இரவில் கெத்செமனே தோட்டத்தில் யாரிடம் ஜெபித்தார்? தனக்குத்தானேயா?

தந்தையிடம். முதல் விடையில் சொன்ன "தேவனிடத்திலிருந்தது" என்ற சொல்லை மறந்தால்தான் இந்தக் கேள்வி முடிச்சாகும். இதில் என் பங்குக்கும் ஒரு பிழை உண்டு. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒன்றே என்ற உதாரணத்தை ஓய்வுநாள் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் சில ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒருநாள் ஒரு சிறுமி, பனிக்கட்டி நீராவியிடம் பேசுமா என்று கேட்டுவிட்டாள். ஒரே ஆள் மூன்று தோற்றங்களில் வருகிறார் என்ற கொள்கை மூன்றாம் நூற்றாண்டிலேயே சபெல்லியுவின் பெயரால் தள்ளப்பட்ட ஒன்று என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்த உதாரணத்தை அன்றோடு விட்டேன்.

சிலுவையில் கடவுள் செத்துவிட்டாரா? அப்படியென்றால் அந்த மூன்று நாள் உலகத்தை நடத்தியது யார்?

தெய்வ இயல்பு சாகாது. மனித இயல்பு சாகும். ஆனால் செத்தவர் யார் என்று கேட்டால், இயல்பு ஒன்று செத்தது என்று சொல்ல முடியாது. அந்த ஆள் செத்தார் என்றே சொல்ல வேண்டும். ஆசிரியரின் உடல் சுடுகிறது என்றாலும் "ஆசிரியருக்குக் காய்ச்சல்" என்றே சொல்கிறோம், அவருடைய உடலுக்குக் காய்ச்சல் என்று சொல்வதில்லை. அவ்வாறே, தாம் ஏற்ற மனித இயல்பில் கடவுளின் மகன் உண்மையாகவே மரித்தார். மரணம் என்பது ஆன்மா உடலைப் பிரிவதே அன்றி, ஆள் இல்லாமற்போவது அன்று என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

உலகத்தை நடத்தியவர் எவரோ அவரே தொடர்ந்து நடத்தினார். மரியாளின் மடியில் இருந்தபோதும் வார்த்தையானவர் அந்தச் சிறிய உடலுக்குள் அடைபட்டுப் போகவில்லை, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டே இருந்தார் என்று அத்தனாசியு எழுதினார்.

மரியாளைக் "கடவுளின் தாய்" என்பது மட்டும் எப்படிச் சரியாகும்? கடவுளுக்கு முன்பே இருந்தாரா அவர்?

முன் விடையின் தருக்கமே இங்கும். தாய் பெறுவது ஓர் இயல்பை அன்று, ஓர் ஆளை. மரியாள் பெற்ற ஆள் கடவுளின் மகன் என்றால், அவர் கடவுளைப் பெற்றவரே. தெய்வ இயல்புக்கு அவர் தொடக்கம் என்று எவரும் சொல்லவில்லை. கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியு இந்தப் பட்டத்தைத் தவிர்த்துக் "கிறிஸ்துவின் தாய்" என்றே சொல்லலாம் என்றபோது, 431இல் எபேசுவில் கூடிய சங்கம் அதை ஏற்கவில்லை. சீர்திருத்தச் சபையாரான நாங்கள் இந்தப் பட்டத்தைப் பேச்சில் அதிகம் பயன்படுத்துவதில்லை என்றாலும், லுத்தர் இதை மறுக்கவில்லை.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஒத்துக்கொள்கிறார்களா?

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபை, பெரும்பான்மைப் பெந்தெகொஸ்தே சபைகள் ஆகிய அனைவரும் இயேசு முழுக் கடவுள், முழு மனிதர் என்றே அறிக்கையிடுகிறார்கள். எகிப்தின் கோப்துச் சபையும், சீரிய ஆர்த்தடாக்ஸ் சபையும், கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபியச் சபைகளும் கால்செதோனின் "இரு இயல்புகள்" என்ற சொல்லாட்சியை ஏற்பதில்லை. இணைந்த ஒரே இயல்பு என்பார்கள். 1984இல் போப் இரண்டாம் ஜான் பாலும் சீரிய ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவரான மறைமுதுவரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, பழைய பிளவு பெரும்பாலும் சொற்களாலும் பண்பாட்டாலும் வந்தது என்று ஒப்புக்கொண்டது. அசீரியக் கிழக்குச் சபையோடு இதுபோன்ற அறிக்கை 1994இல் வந்தது.

உண்மையாகவே மறுப்பவர்களும் உள்ளனர். யெகோவாவின் சாட்சிகள் இயேசுவைக் கடவுளின் முதல் படைப்பாகக் கொள்கிறார்கள். இது ஆரியுஸுக்கு நெருக்கமான நிலை. கடவுள் ஒருவரே, இயேசு அவருடைய தூதரான மனிதர் என்ற யூனிட்டேரியன் கொள்கைக்குச் சென்னையில் 1795இலேயே ஒரு சபை ஏற்பட்டது. அதை நிறுவியவர் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர்.

வானத்துக்கு ஏறிப்போன பிறகு மனித உடலை விட்டுவிட்டாரா?

இல்லை. பலரை வியப்பில் ஆழ்த்தும் விடை இது, வகுப்பில் கடைசி நாளில்தான் இதைச் சொல்வேன். சக்கரைச் செட்டியார் வற்புறுத்திய வேறுபாடும் இதுவே. உயிர்த்தெழுந்த உடல் மகிமையடைந்த உடல், இனிச் சாகாத உடல். ஆயினும் அது மனித உடலே, அதே ஆளின் உடலே. யோவான் இருபதாம் அதிகாரத்தில், சந்தேகப்பட்ட தோமாவுக்கு இயேசு ஆணிகள் பாய்ந்த கைகளையும் குத்தப்பட்ட விலாவையும் காட்டி, விரலை நீட்டிப் பார்க்கச் சொல்கிறார். தழும்புகள் மறையவில்லை. மயிலாப்பூருக்கு வந்தவர் என்று நம் மரபு போற்றும் அந்தத் தோமா, உண்மையில் தொட்டுப் பார்த்தாரா என்பதை யோவான் எழுதவில்லை, தழும்புள்ள மனிதர் ஒருவரை நோக்கி "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறார்.